வேலிக்கு கவர்ன்மென்ட் காசு தருமா? டெக்சாஸ் கரிசலில் 42 ஏக்கருக்கு ஒரு கணக்கு

வெயிலில் வெடித்த தரைக்குள் என் மச்சினன் கையை விட்டான். முழங்கை வரை இறங்கிற்று. "அத்தான், இது நம்ம ஊர்க் கரிசலேதான்," என்றான்.

டல்லாஸுக்குத் தெற்கே ஒரு மணி நேர ஓட்டத்தில் இருக்கிறது நவாரோ கவுண்டி; கவுண்டி என்றால் நம்மூர் மாவட்டம் மாதிரி. அங்கே போன வருடம் 42 ஏக்கர் வாங்கினான். மண்ணைப் பற்றி அவன் சொன்னது தப்பில்லை. ஹூஸ்டன் பிளாக் என்ற அந்தக் கருப்புக் களிமண்ணும் கோவில்பட்டிக் கரிசலும் மண்ணியலில் ஒரே வர்க்கம், வெர்ட்டிசால். காய்ந்தால் வெடிக்கும், நனைந்தால் உப்பும், செருப்பைப் பிடித்தால் விடாது. ஒரு காலத்தில் இங்கும் பருத்திதான். இப்போது அவன் நிலத்தில் இருப்பது மேய்ச்சல் புல், ஒரு சின்னக் குட்டை, கிழக்கு ஓரத்தில் பத்து ஏக்கருக்கு மெஸ்கீட் முள். மெஸ்கீட் யாரென்று கேட்டால், நம்மூர்ச் சீமைக் கருவேலத்தின் பங்காளி.

"யூடியூப்ல சொல்லுதான் அத்தான். வேலி போட, முள்ளு வெட்ட, ஏன், நிலத்தைச் சும்மா போட்டு வச்சாக்கூட கவர்ன்மென்ட் காசு தருதாமே? நாம எந்தத் திட்டத்துக்கு எழுதிப் போட?"

நான் ஆறு வருடத்துக்கு முன் வேறொரு கவுண்டியில் இதே கேள்வியோடு அலைந்து, ஒரு தப்பும் செய்து, காசும் விட்டவன். அதனால் அவனிடம் திட்டங்களின் பெயரைச் சொல்லவில்லை. "உன் நிலத்தோட ஜாதகம் என்ன, முதல்ல அதைச் சொல்லு," என்றேன். எந்தத் திட்டம் நல்லது என்பதைவிட, எந்தத் திட்டத்துக்குள் இந்த நிலம் நுழையும் என்பதுதான் பாதித் தீர்மானம்.

முதல் கதவு

அமெரிக்க விவசாயத் துறைக்குப் பெரும்பாலான கிராமப்புறக் கவுண்டிகளுக்கு ஒரு சேவை மையம் இருக்கிறது. ஒரே கட்டடம், உள்ளே இரண்டு அலுவலகம். ஒன்று எஃப்எஸ்ஏ என்கிற பண்ணைச் சேவை முகமை: கடன், பேரிடர் உதவி, நிலத்தை உழாமல் விடுவதற்குத் தரும் சிஆர்பி வாடகை எல்லாம் அவர்கள் கையில். இன்னொன்று என்ஆர்சிஎஸ், இயற்கை வளப் பாதுகாப்புச் சேவை. மண்ணையும் தண்ணீரையும் பார்ப்பவர்கள் இவர்கள். 1930களில் புழுதிப் புயல்கள் நடு அமெரிக்காவின் மேல்மண்ணை அள்ளிக்கொண்டு போனபோது, 1935 ஏப்ரலில் நிறைவேறிய சட்டத்தில் பிறந்த துறை அது. அப்போது அதன் பெயர் மண் பாதுகாப்புச் சேவை. 1994இல்தான் இன்றைய பெயர் வந்தது.

நம் ஆட்கள் செய்யும் முதல் பிழை, வேலிக்குக் காசு வேண்டுமென்று நேரே என்ஆர்சிஎஸ் மேஜைக்குப் போவது. அங்கே கேட்கும் முதல் கேள்வி, "உங்கள் பண்ணை எண் என்ன?" அந்த எண்ணைத் தருவது பக்கத்து மேஜை. பத்திரத்தின் நகல், அடையாள அட்டை, நிலம் கம்பெனி பெயரில் இருந்தால் அதன் காகிதங்கள், இவற்றோடு எஃப்எஸ்ஏவுக்குப் போனால் வானிலிருந்து எடுத்த படத்தில் உங்கள் நிலத்தைக் கோடு போட்டுக் காட்டுவார்கள். எது உழுத வயல், எது புல், எது மரம் என்று துண்டு துண்டாகப் பிரித்து ஏக்கர் எழுதியிருக்கும். மச்சினனின் படத்தில் 42 ஏக்கரும் புல் என்றே இருந்தது. அந்தக் காகிதம்தான் ஜாதகம். மூன்று வருடச் சராசரி வருமானம் 9 லட்சம் டாலரைத் தாண்டவில்லை என்று ஒரு படிவம், எளிதில் அரிக்கும் நிலத்தையும் சதுப்பு நிலத்தையும் கெடுக்க மாட்டேன் என்று ஏடி-1026 என்ற இன்னொரு படிவம். இதெல்லாம் முடிய ஒரு காலைப் பொழுது போதும். முன்கூட்டியே போன் பண்ணி நேரம் வாங்கிக்கொண்டு போங்கள்.

மூன்றாவதாக ஒரு கதவும் உண்டு: டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் அக்ரிலைஃப் எக்ஸ்டென்ஷன். காசு தர மாட்டார்கள், புத்தி தருவார்கள். எந்தப் புல்லை எப்போது வெட்டுவது, எத்தனை மாடு தாங்கும், மண் பரிசோதனைக்கு எப்படி மாதிரி எடுப்பது எல்லாம் கவுண்டி ஏஜென்ட்டிடம் கேட்கலாம். ஒரே கவுண்டிக்கென்று ஓர் ஏஜென்ட்டை நியமிக்கும் வழக்கமே 1906இல் டெக்சாஸின் ஸ்மித் கவுண்டியில் தொடங்கியதுதான்.

சும்மா விடுவதற்கு வாடகை

மச்சினனுக்கு மிகவும் பிடித்த யோசனை இதுதான். யாருக்குத்தான் பிடிக்காது? சிஆர்பி 1985இல் வந்தது. அரிப்பு அதிகமுள்ள பயிர் நிலத்தை உழாமல் விட்டு, புல்லோ மரமோ வைத்தால், 10 முதல் 15 வருடம் வரை ஆண்டு வாடகை வரும். புல் நடுகிற செலவில் பாதி வரை பங்கும் உண்டு. டிராக்டரில் ஏற வேண்டாம், மாட்டுக்காரனிடம் பேச வேண்டாம்.

ஆனால் பொதுவான சிஆர்பிக்குள் நுழைய நிலம் "பயிர் நிலம்" ஆக இருக்க வேண்டும். 2018 பண்ணைச் சட்டப்படி 2012 முதல் 2017 வரையிலான ஆறு வருடத்தில் நான்கு வருடமாவது பயிர் வைத்திருக்க வேண்டும். பருத்தி விளைந்தது தாத்தா காலத்தில் என்றால் செல்லாது. மச்சினனின் படத்தில் எல்லாமே புல் என்று பார்த்தோமே, அந்தக் கதவு அங்கேயே சாத்திக்கொண்டது. வாங்கி ஒரு வருடமாவது ஆகியிருக்க வேண்டும் என்ற விதியும் உண்டு. நாடு முழுக்க எத்தனை ஏக்கர் சேர்க்கலாம் என்பதற்கும் உச்சவரம்பு இருக்கிறது. 2023இலிருந்து அது 2 கோடியே 70 லட்சம் ஏக்கர்.

பயிர் வரலாறு கேட்காத ஒரு கிளை உண்டு, கிராஸ்லேண்ட் சிஆர்பி. மேய்ச்சல் நிலத்தை மேய்ச்சல் நிலமாகவே வைத்திருப்பதற்கு வாடகை, மாடும் மேய்க்கலாம். கேட்க நன்றாக இருக்கிறது. 2022 சேர்க்கையில் குறைந்தபட்ச வாடகை ஏக்கருக்கு 13 டாலர். 42 ஏக்கருக்கு வருடம் 546 டாலர். அதற்காக 10, 15 வருடம் கையைக் கட்டிக்கொள்வதா? நடுவில் வீடு கட்ட ஆசை வந்தால், நிலத்தை விற்கும்போது வாங்குபவர் ஒப்பந்தத்தை ஏற்காவிட்டால், ஒப்பந்தத்தை முறித்து வாங்கிய காசைத் திருப்ப வேண்டியிருக்கும். ஆயிரம் ஏக்கர் பண்ணைக்காரருக்கு இது சரியான திட்டம். 42 ஏக்கர்க்காரருக்கு இதைச் சொல்லமாட்டேன்.

வேலை செய்தால் பங்கு

ஈக்விப் என்பது நிலத்தைச் சீராக்கும் வேலையின் செலவில் பங்கு தரும் என்ஆர்சிஎஸ் திட்டம். 1996 பண்ணைச் சட்டத்தில் வந்தது. மச்சினன் கேட்ட வேலி, முள், தண்ணீர்த் தொட்டி எல்லாம் இதற்குள்தான் வரும். சின்ன நிலக்காரர்களில் பத்துக்கு எட்டுப் பேர் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான் என்பது என் கட்சி.

ஆனால் யூடியூப்காரர் சொல்லாத ஒன்று இருக்கிறது. ஈக்விப் வேலிக்குக் காசு தருவதில்லை. ஒரு குறையைத் தீர்ப்பதற்குத் தருகிறது. மாடு ஒரே இடத்தில் மேய்ந்து புல் வேரோடு போகிறது, அதனால் மண் அரிக்கிறது, நிலத்தை நான்காகப் பிரித்து மாற்றி மாற்றி மேய்த்தால் சரியாகும் என்று ஒரு திட்டம் எழுதப்பட வேண்டும். அந்தத் திட்டத்தில் குறுக்கு வேலி ஒரு கருவி. ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண்: வேலி 382, முள் அகற்றுதல் 314, தண்ணீர்த் தொட்டி 614, முறை மேய்ச்சல் 528. "பக்கத்து நாய் வருகிறது, சுற்று வேலி வேண்டும்" என்று போனால் சிரித்துக்கொண்டே அனுப்பிவிடுவார்கள்.

காசுக் கணக்கு எளிது. மாநிலத்துக்கு ஓர் அட்டவணை இருக்கிறது. ஒரு அடி வேலிக்கு இவ்வளவு, ஒரு ஏக்கர் முள்ளுக்கு இவ்வளவு. மதிப்பிட்ட செலவில் 75 சதவீதம் வரை தருவார்கள். விவசாயத்துக்கு வந்து பத்து வருடம் தாண்டாத புது விவசாயிக்கு 90 சதவீதம் வரை போகும், அதிலும் பாதியையாவது முன்பணமாகக் கேட்கலாம். கணக்குக்காக அடிக்கு 4 டாலர் என்று வைத்துக்கொள்வோம். 3,000 அடி குறுக்கு வேலிக்கு 12,000 டாலர். 75 சதவீதமென்றால் 9,000 வரும், 90 என்றால் 10,800. உங்கள் பில்லைப் பார்த்துத் தருவதில்லை, அட்டவணையைப் பார்த்துத் தருகிறார்கள். சொந்த உடலுழைப்பில் மலிவாக முடித்தால் மிச்சம் உங்களுக்கு. கான்ட்ராக்டர் தலையில் கட்டினால் கூடுதல் செலவும் உங்களுக்கே.

முன்பு ஆசிய வம்சாவளியினர் "சமூகரீதியில் பின்தங்கியோர்" என்ற பிரிவில் இந்தக் கூடுதல் சதவீதத்தைப் பெற முடிந்தது. 2025 ஜூலையில் விவசாயத் துறை இனம், பாலினம் பார்த்த அந்தப் பிரிவைக் கைவிட்டது. பழைய வீடியோக்களை நம்பி அதைக் கேட்காதீர்கள். புது விவசாயி என்ற பிரிவு நிற்கிறது. ஆனால் நிலத்தின் அன்றாட வேலையிலும் முடிவிலும் நீங்களே ஈடுபட வேண்டும். நிலத்தை முழுக்கப் பக்கத்து மாட்டுக்காரருக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டு, டல்லாஸ் புறநகரான ஃபிரிஸ்கோவில் உட்கார்ந்து லேப்டாப் தட்டுகிறவர் தன்னைப் புது விவசாயி என்று சொல்லிக்கொள்வது கஷ்டம். அப்படியான நிலத்தில் மாடும் லாப நஷ்டமும் குத்தகைக்காரருடையது. விண்ணப்பத்தில் யார் பெயர் வர வேண்டும் என்பதை அவரோடு பேசி, குத்தகையைக் காகிதத்தில் எழுதிக்கொண்டு போவதுதான் முறை.

இப்போது என் தப்பு. விண்ணப்பம் போட்டு ஐந்து மாதம் ஆகியிருந்தது. வரிசையில் என் பெயர் மேலே இருப்பதாகத் தெரிந்தது. வேலி போடும் ஆள் ஒருவர், "அடுத்த வாரம் ஃப்ரீ, அப்புறம் மூன்று மாதத்துக்கு இல்லை," என்றார். எப்படியும் வரப்போகிற காசுதானே என்று போட்டுவிட்டேன். முன் அனுமதி வாங்காமல், ஒப்பந்தத்தில் கையெழுத்து ஆகும் முன் தொடங்கிய வேலைக்கு ஈக்விப்பில் ஒரு காசு கிடையாது. விதி அப்படி, தாளில் தெளிவாகவே அச்சடித்திருந்தார்கள். படிக்காதவன் நான்தான். அந்த வேலியைப் பார்க்கும்போதெல்லாம் கம்பத்துக்குக் கம்பம் டாலர் தெரியும்.

இன்னும் சில முட்கள். விண்ணப்பம் வருடம் முழுக்க வாங்குவார்கள், ஆனால் ஒவ்வோர் ஆண்டும் ஒரு வெட்டுத் தேதி வைத்து, அதற்கு முன் வந்தவற்றை மதிப்பெண் போட்டு வரிசைப்படுத்துவார்கள். முதல் வருடம் கிடைக்காமல் போவது சகஜம். முன்பணம் கேட்காவிட்டால், வேலை முடிந்து, அதிகாரி வந்து அளந்து, அதற்குப் பிறகுதான் காசு. அந்தக் காசு வருமான வரிக் கணக்கிலும் வரும். வேலிக்கு ஆயுள் 20 வருடம் என்று போட்டிருப்பார்கள்; அதுவரை பராமரிக்க வேண்டும். 2022 சட்டம் ஒன்று மண் பாதுகாப்புக்கென்று 1,950 கோடி டாலர் ஒதுக்கியது. 2025 தொடக்கத்தில் அந்த நிதியை நிறுத்தி வைத்தபோது, கைக்காசைப் போட்டு வேலையை முடித்துவிட்டுப் பலர் காத்திருக்க நேர்ந்தது. ஆறு மாதம் தாமதமானால் தாங்க முடியாத பணத்தை இதில் போடாதீர்கள்.

நன்றாக வைத்திருப்பவருக்கு

நிலத்தை ஏற்கனவே நன்றாகப் பராமரிப்பவருக்கு ஆண்டுதோறும் பணம் தரும் என்ஆர்சிஎஸ் திட்டம் சிஎஸ்பி. சிலருக்கு இது ஈக்விப்பைவிட நல்லது. ஐந்து வருட ஒப்பந்தம். ஒரு மூலையை மட்டும் காட்டி வாங்க முடியாது, உங்கள் கையிலுள்ள நிலம் முழுவதையும் சேர்க்க வேண்டும். ஏற்கனவே மண், தண்ணீர், புல் என்று இரண்டு விஷயத்திலாவது அவர்கள் அளவுகோலைத் தொட்டிருக்க வேண்டும். மேலும் ஒன்றை ஒப்பந்தம் முடிவதற்குள் தொட வேண்டும். 2024 நிதியாண்டிலிருந்து குறைந்தபட்சம் வருடத்துக்கு 4,000 டாலர் என்று ஆக்கினார்கள். அதற்கு முன் 1,500தான். சின்ன நிலக்காரருக்கு இந்தத் தரைவிலைதான் தங்கம். ஏக்கர் கணக்கில் பார்த்தால் சில நூறு டாலர்கூடத் தேறாத 42 ஏக்கருக்கும், ஒப்பந்தம் கிடைத்தால் அதே 4,000. ஐந்து வருடத்துக்கு 20,000.

பிறகென்ன, இதற்கே போடலாமே என்று மச்சினன் குதித்தான். அவன் நிலம் இன்று அந்த அளவுகோலைத் தொடாது. குட்டைக் கரை மாட்டுக் குளம்பில் சேறாகிக் கிடக்கிறது, முள் மண்டியிருக்கிறது. ஈக்விப்பில் நிலத்தைச் சீர் செய்து மூன்று நான்கு வருடம் கழித்து சிஎஸ்பிக்குப் போவதுதான் வரிசை. நிலத்தை நல்லபடி வைத்திருந்தவரிடமிருந்து வாங்கியிருந்தால், வரிசையை மாற்றிப் போடலாம்.

உரிமையையே விற்கும் திட்டமும் இருக்கிறது, ஏசெப். டிரினிட்டி ஆற்றின் ஓரம் தாழ்வான, அடிக்கடி வெள்ளம் நிற்கும் நிலம் வைத்திருப்பவருக்குச் சொல்வேன்: பயிர் வைக்கும் உரிமையை நிரந்தரமாகவோ 30 வருடத்துக்கோ அரசுக்கு விற்று, நிலத்தைச் சதுப்பாக விட்டுவிடலாம். பட்டா உங்கள் பேரில்தான் இருக்கும். நிலத்தை வாங்கி 24 மாதம் ஆகியிருக்க வேண்டும். உங்கள் பேரப்பிள்ளைகளையும் கட்டும் கையெழுத்து. வக்கீல் இல்லாமல் வேண்டாம்.

கடனைப் பற்றியும் கேட்டான். எஃப்எஸ்ஏ மைக்ரோலோன் 50,000 டாலர் வரை உண்டு. வேறெங்கும் நியாயமான கடன் கிடைக்காதவருக்கு அது. ஐ.டி. சம்பளச் சீட்டோடு போய்க் கேட்டால் பேங்குக்கு வழி காட்டுவார்கள். நேரடிக் கடனுக்கு குடியுரிமையோ கிரீன் கார்டோ வேண்டும், எச்1பி போதாது. சொல்லப்போனால் எச்1பியில் இருப்பவருக்குக் கடனைவிட முக்கியமான காகிதம் வேறு. 1978 சட்டப்படி வெளிநாட்டவர் விவசாய நிலம் வாங்கினால் 90 நாளுக்குள் எஃப்எஸ்ஏ-153 என்ற படிவத்தில் தெரிவிக்க வேண்டும். தவறினால் நிலத்தின் சந்தை மதிப்பில் 25 சதவீதம் வரை அபராதம் போடச் சட்டத்தில் இடமிருக்கிறது. கிரீன் கார்டுக்காரருக்கு இது இல்லை. நிலம் வாங்கித் தரும் ஏஜென்ட்டுகள் பலருக்கு இப்படியொன்று இருப்பதே தெரியாது.

எல்லாவற்றையும்விடப் பெரிய உதவி

இத்தனையும் வாஷிங்டன் காசு. டெக்சாஸில் சின்ன நிலக்காரருக்கு உண்மையில் அதிகம் மிச்சமாவது கவுண்டி மதிப்பீட்டு அலுவலகத்தில்தான். மாநில வருமான வரி இல்லாத ஊரில் சொத்து வரி கனமாக இருக்கும். நிலத்தைச் சந்தை விலைக்கு மதிப்பிடாமல் விவசாய வருவாய்க்கு மதிப்பிட்டால் வரி தரையைத் தொடும். ஊரில் இதை "ஏஜி எக்ஸம்ப்ஷன்" என்பார்கள். உண்மையில் விலக்கு இல்லை, வேறு மதிப்பீடு. கடந்த ஏழு வருடத்தில் ஐந்து வருடமாவது நிலம் விவசாயத்தில் இருந்திருக்க வேண்டும். வரலாறு நிலத்தோடு வரும், சலுகை வராது: கை மாறினால் புது உடைமையாளர் மறுபடி விண்ணப்பிக்க வேண்டும், பொதுவாக ஏப்ரல் 30க்குள். மச்சினனிடம் நான் முதலில் கேட்டது இதைத்தான். நல்லவேளை, போட்டிருந்தான்.

இதை ஏன் ஒப்பீட்டில் சேர்க்கிறேன் என்றால், மேலே சொன்ன திட்டங்கள் இதோடு மோதலாம், ஒத்தும் போகலாம். அரசுத் திட்டத்துக்காக நிலத்தைச் சும்மா விடுவதை டெக்சாஸ் சட்டம் விவசாயப் பயன்பாடாகவே ஏற்கிறது. ஆனால் எந்தத் திட்டத்திலும் சேராமல் நீங்களாக மாட்டை விரட்டிவிட்டு ஓய்வு கொடுத்தால் மதிப்பீடு போகலாம். பயன்பாட்டையே மாற்றினால் மூன்று வருடத்து வரி வித்தியாசத்தையும் கட்ட வேண்டும். எனவே மேய்ச்சலைக் குறைக்கும் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடும் முன் மதிப்பீட்டு அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். குட்டைக்கு வரும் பறவைகள்மேல் ஆசை என்றால், ஏற்கனவே விவசாய மதிப்பீட்டில் இருக்கும் நிலத்தை வனவிலங்குப் பராமரிப்புக்கு மாற்றலாம். மாநிலத்தின் பூங்கா, வனவிலங்குத் துறை உயிரியலாளர்கள் அதற்குக் காசு வாங்காமல் ஆலோசனை தருவார்கள்.

காசே கொடுக்காமல் வாங்கக்கூடிய ஒன்றும் இருக்கிறது. என்ஆர்சிஎஸ் ஆள் நிலத்துக்கு வந்து நடந்து பார்த்து எழுதித் தரும் பாதுகாப்புத் திட்டம் இலவசம். எந்த ஒப்பந்தத்திலும் சேர வேண்டியதில்லை. நான் அதை முதலில் வாங்கியிருந்தால் என் வேலியைச் சரியான இடத்திலாவது போட்டிருப்பேன்.

மச்சினன் அதைத்தான் முதலில் கேட்டான். அக்டோபரில் ஒருவர் வந்தார். பூட்ஸில் கரிசல் அப்பிக்கொள்ள இரண்டு மணி நேரம் நடந்தார். மெஸ்கீட்டை வெட்டினால் மட்டும் போதாது, அடி வேரோடு எடுக்காவிட்டால் ஒன்று ஐந்தாகத் துளிர்க்கும் என்று அவர் ஆங்கிலத்தில் சொல்ல, "எங்க ஊர்லயும் அதே கூத்துதான்" என்று இவன் தமிழில் என்னிடம் சொன்னான். முள்ளுக்கும் குறுக்கு வேலிக்கும் குட்டைக்கு வெளியே ஒரு தொட்டிக்கும் ஈக்விப் விண்ணப்பம் போட்டாயிற்று. சிபிஏ-1200 என்ற விண்ணப்பப் படிவம், அதில் ஒரு கையெழுத்து.

போன சனிக்கிழமை கடையிலிருந்து போன். "அத்தான், இரும்புக் கம்பம் தள்ளுபடியில போட்ருக்கான். இருநூறு தூக்கிட்டு வந்து மேக்கால மட்டும் நட்டுடவா?"

"ஒப்பந்தத்துல கையெழுத்து ஆயிட்டா மாப்ளே?"

"இன்னும் இல்ல."

"அப்போ கம்பம் கடையிலயே இருக்கட்டும்."